இருநூறு ரிங்கிட் துப்பாக்கியின் உண்மையான விலை

சிரம்பானிலோ பகாவிலோ படிக்கும் ஒரு தோட்டப்புற மாணவர் கைப்பேசியைத் திறந்து "மாணவருக்கு ஏற்ற மலிவான முதல் கார்பைன் எது?" என்று தேடினால், சில நொடிகளில் நூற்றுக்கணக்கான காணொளிகள் வந்து குவியும். எந்த நிறுவனத்தின் துப்பாக்கி தரமானது, எதன் தோட்டா மலிவு, பகுதிநேர வேலைச் சம்பளத்தில் எத்தனை மாதம் சேமித்தால் வாங்கலாம் என்றெல்லாம் அதில் ஒருவர் பொறுமையாக விளக்குவார். அவர் பேசுவது அமெரிக்காவில் இருந்துகொண்டு. பார்ப்பவர் இருப்பதோ நெகிரி செம்பிலானில்.

இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் காணொளி சொல்வதில்லை. இணைய அங்காடியும் சொல்வதில்லை. அங்கே அசல் கார்பைனைப் போலவே வார்த்த ஜெல் துப்பாக்கியும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியும் ஒன்றிரண்டு நூறு ரிங்கிட்டுக்கு வந்து போகின்றன. வாங்குபவர் அதை விளையாட்டுப் பொருளாக நினைக்கிறார். சட்டம் அப்படி நினைப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் பல இளைஞர்கள் விவரம் தெரியாமல் சிக்குகிறார்கள்.

ஒரே பொருள், வெவ்வேறு சட்டம்

கார்பைன் என்பது குறுகிய குழல் கொண்ட ரைஃபிள். குதிரைமேல் இருந்து நீண்ட துப்பாக்கியைக் கையாள முடியாது என்பதால் குதிரைப்படைக்காகக் குறுக்கப்பட்டது அது. இன்று கணினி விளையாட்டுகளில் அதிகம் காணப்படும் எம்4 ஒரு கார்பைன். அதற்கு முந்தைய எம்16 ரைஃபிளின் குழல் 20 அங்குலம். எம்4 கார்பைனின் குழல் 14.5 அங்குலம். எடுப்பதற்கும் சுமப்பதற்கும் எளிது என்பதே அதன் கவர்ச்சி.

அமெரிக்காவில் 18 வயது நிரம்பியவர் உரிமம் பெற்ற கடைக்குச் சென்று, பின்னணிச் சோதனை முடிந்ததும் ரைஃபிள் வாங்க மத்திய சட்டம் இடம் தருகிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறினாலும், 1964 முதல் விற்பனையில் இருக்கும் ரூகர் 10/22 போன்ற சிறு கார்பைன்களைச் சில நூறு டாலருக்குள் வாங்கிவிடலாம். அதனால்தான் அங்கே "மாணவர் பட்ஜெட்" என்ற பேச்சுக்கே பொருள் இருக்கிறது.

தமிழ்நாட்டில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்வருபவர்களுக்கு இன்னொரு குழப்பம். இந்தியாவில் குறைந்த ஆற்றல் கொண்ட 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கியைத் துப்பாக்கி உரிமம் இல்லாமலே கடையில் வாங்கலாம். ஆஸ்திரேலியாவில் ஒரே நாட்டுக்குள்ளேயே விதி மாறுகிறது. குவீன்ஸ்லாந்தில் ஜெல் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. தெற்கு ஆஸ்திரேலியா 2020இல் அதைச் சுடும் ஆயுதமாகவே அறிவித்தது. எனவே "அங்கே விற்கிறார்கள், இங்கே ஏன் கூடாது?" என்ற கேள்வி நீதிமன்றத்தில் எடுபடாது.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் அடிப்படைச் சட்டம் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதில் "ஆயுதம்" என்ற சொல்லின் விளக்கம் மிக விரிவானது. உயிரைப் பறிக்கக்கூடிய குழல் ஆயுதங்களோடு காற்றுத் துப்பாக்கியும் காற்றுக் கைத்துப்பாக்கியும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. ஆயுதத்தின் உதிரிப்பாகமும் ஆயுதமே. சத்தத்தைக் குறைக்கும் இணைப்புக் கருவியும் ஆயுதமே. ஆகவே முழுத் துப்பாக்கியை வாங்காமல் பாகம் பாகமாகத் தருவித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர் சட்டத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்தவர் அல்லர். ஒவ்வொரு பாகத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலைக்குத் தன்னைத் தள்ளிக்கொள்பவர்.

உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால், இந்தச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். போலி ஆயுதங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. 36ஆவது பிரிவின்படி அனுமதியின்றிப் போலி ஆயுதம் வைத்திருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பார்ப்பதற்கு அசல் துப்பாக்கி போலவே இருக்கும் ஏர்சாஃப்ட், ஜெல் துப்பாக்கிகளைப் போலீசார் இந்தப் பிரிவின் கண்கொண்டே பார்க்கிறார்கள்.

இதற்கு மேல் 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டம் இருக்கிறது. அசல் துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும் 6க்குக் குறையாத பிரம்படியும் விதிக்க அந்தச் சட்டம் வழி செய்கிறது. பட்டறையில் குழாயை வெட்டி ஒட்டிச் செய்த நாட்டுத் துப்பாக்கி என்பதால் சலுகை கிடையாது. இரண்டுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் ஒருவரிடம் சிக்கினால் அவர் ஆயுதம் கடத்துபவர் என்றே சட்டம் ஊகிக்கும். கடத்தலுக்கான உச்சத் தண்டனை மரணம். 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த சீர்திருத்தம் கட்டாய மரண தண்டனையைத்தான் நீக்கியது. மரண தண்டனை சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது.

இந்த நிலையில் "மாணவர் பட்ஜெட்டில் முதல் கார்பைன்" என்ற கேள்விக்கு நெகிரி செம்பிலானில் விலைப்பட்டியலே கிடையாது. துப்பாக்கி உரிமம் வழங்கும் அதிகாரம் மாநில போலீஸ் தலைவரிடம் இருக்கிறது. எதற்காக வேண்டும், எங்கே பூட்டி வைக்கப்படும், விண்ணப்பிப்பவர் எப்படிப்பட்டவர் என்று பார்த்த பிறகே முடிவு வரும். ஆசையாக இருக்கிறது என்பது காரணமாகாது.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை?

இந்தக் கடுமை திடீரென்று முளைத்ததல்ல. அதன் வேர் தோட்டப்புறத்திலேயே இருக்கிறது. 1948இல் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டபோது ரப்பர் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும்தான் போர்க்களமாயின. தோட்டங்களைக் காக்கச் சிறப்புக் காவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். காட்டுக்குள் தேடுதல் நடத்திய படைகளின் கையில் "காட்டு கார்பைன்" என்று பெயர் பெற்ற லீ என்ஃபீல்டு 5ஆம் ரகத் துப்பாக்கி இருந்தது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அவசரகால விதிகள் மரண தண்டனை விதித்தன.

அந்த விதிக்குப் பலியானவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் மறக்க முடியாத பெயர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்த அவர், அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1949 மார்ச்சில் சிலாங்கூரில் ரவாங் வட்டாரத்தில் கைது செய்யப்பட்டார். ஒரு கைத்துப்பாக்கியும் 6 தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அந்தத் துப்பாக்கி தற்செயலாகக் கையில் கிடைத்தது, போலீசிடம் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றேன் என்ற அவருடைய வாதம் ஏற்கப்படவில்லை. இந்திய அரசு தலையிட்டும் பயனில்லை. 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவர் யாரையும் சுட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. வைத்திருந்தார் என்பதே போதுமானதாக இருந்தது.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிவுக்கு வந்தது. ஆயுதச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. அதே ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும், பாதுகாப்புப் பகுதிகளில் துப்பாக்கி வைத்திருந்தால் கட்டாய மரண தண்டனை என்ற விதியைத் தன்னுள் வைத்திருந்தது. 1977இல் அந்த விதியின்கீழ் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கே மரண தண்டனை விதிக்கப்பட்டு, நாடு முழுவதும் பேச்சானது. பின்னர் அரச மன்னிப்பால் அவன் உயிர் தப்பினான். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் உருவான அணுகுமுறை மாறவில்லை. துப்பாக்கியை என்ன செய்தாய் என்று கேட்பதற்கு முன், அது உன்னிடம் ஏன் இருந்தது என்றே மலேசியச் சட்டம் கேட்கும். இளைஞர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

தோட்டத்தில் துப்பாக்கியே இல்லையா?

இருக்கிறது. அதுவே சில பிள்ளைகளுக்குத் தவறான தைரியத்தைத் தருகிறது. ரப்பர் போய் செம்பனை வந்த பிறகு, இளங்கன்றுகளைக் குதறும் காட்டுப்பன்றி தோட்டங்களுக்குத் தீராத தலைவலி. பயிரைக் காக்க உரிமத்தோடு மடக்கு வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. மலாயில் "செனாப்பாங் பாத்தா" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குப் போய்வந்த பெரியவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, துப்பாக்கி என்பது வீட்டுக் கருவிகளில் ஒன்றாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் அந்த உரிமம் குறிப்பிட்ட மனிதருக்கும் குறிப்பிட்ட துப்பாக்கிக்கும் உரியது. அதைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். உரிமத்தில் பெயர் இல்லாத மகனோ மருமகனோ அதே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் போனால், அவருக்கு அந்த உரிமம் எந்தப் பாதுகாப்பும் தராது. துப்பாக்கியைக் கொடுத்த பெரியவரும் தன் உரிமத்தை இழக்க நேரிடலாம். துப்பாக்கி உரிமம் இருந்தாலும் வேட்டைக்குத் தனி அனுமதி வேண்டும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், காட்டுப்பன்றியை வேட்டையாட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் தேவை. "பன்றிதானே" என்ற பேச்சு இங்கே செல்லாது.

பன்றித் தொல்லை உண்மையாகவே இருக்கிறதென்றால், அதற்கு வழி மாணவர் ஒருவர் துப்பாக்கி வாங்குவதல்ல. தோட்ட நிர்வாகத்தின் வழியாகவோ நேரடியாகவோ பெர்ஹிலித்தானிடம் புகார் செய்வதே முறை.

அடைபடும் கதவு

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். போர்ட்டிக்சன் பாலிடெக்னிக்கில் படிக்கும் ஓர் இளைஞர் இணையத்தில் 200 ரிங்கிட்டுக்கு எம்4 வடிவ ஜெல் துப்பாக்கி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நண்பர்களோடு படம் எடுத்து டிக்டாக்கில் போடுகிறார். மோட்டார் சைக்கிளில் பையில் வைத்துக்கொண்டு திரும்பும்போது சாலைத் தடுப்பில் நிறுத்தப்படுகிறார்.

இரவு 11 மணிக்குக் கைவிளக்கு வெளிச்சத்தில் பையைத் திறக்கும் போலீஸ்காரருக்குத் தெரிவது கறுப்பு நிற கார்பைன் ஒன்றின் பிடி. அது தண்ணீரில் ஊறிய ஜெல் உருண்டையைச் சுடுவதா, 5.56 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடுவதா என்று ஆராய அவருக்கு நேரமில்லை. அந்த நொடியில் ஒரு தவறான அசைவு உயிரையே பறிக்கலாம். உயிர் தப்பினாலும் கைது, தடுப்புக்காவல், வழக்கறிஞர் செலவு, நீதிமன்ற அலைச்சல் என்று தொடரும். பால்வெட்டு அல்லது குலைவெட்டுச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்தில் அப்பாவோ அம்மாவோ ஒவ்வொரு முறையும் நாள்கூலியை இழந்து நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருக்கும். அபராதம் 5,000 ரிங்கிட்டை எட்டினால் அது ஒரு தோட்டக் குடும்பத்தின் சில மாத வருமானம்.

அதைவிடப் பெரிய இழப்பு பிறகு வருகிறது. மலேசிய இராணுவத்தின் முதன்மைத் துப்பாக்கி இன்று எம்4 கார்பைன்தான். முன்பு இருந்த ஸ்டெயர் துப்பாக்கிகளுக்குப் பதிலாக வந்த அதை, உள்நாட்டு நிறுவனமான எஸ்எம்இ ஒர்ட்னன்ஸ் கோல்ட் நிறுவனத்தின் உரிமத்தோடு தயாரித்தது. அதாவது, அந்த இளைஞர் காணொளியில் பார்த்து ஏங்கும் அதே துப்பாக்கியை ஒரு காசு கொடுக்காமல், சம்பளமும் வாங்கிக்கொண்டு, சட்டம் முழுமையாகத் துணை நிற்க ஏந்த மலேசியாவில் ஒரு வழி இருக்கிறது. அது சீருடை. அந்த வழிக்குள் நுழைய முதல் நிபந்தனைகளில் ஒன்று, குற்றப் பதிவு இல்லாமை.

துப்பாக்கிமீது உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளை, 200 ரிங்கிட் பொம்மையால் அசல் துப்பாக்கிக்கான கதவைத் தானே அடைத்துக்கொள்கிறது. போலீஸ் படையிலும் இராணுவத்திலும் இந்திய இளைஞர்களின் எண்ணிக்கை குறைவு என்ற குறை பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. தகுதியுள்ள ஒருவர் இப்படி வெளியேறுவது அந்தக் குடும்பத்துக்கு மட்டும் இழப்பல்ல.

சட்டத்துக்குள் இருக்கும் வழிகள்

ஆர்வத்தை அடக்கிவை என்று மட்டும் சொன்னால் எந்த இளைஞரும் கேட்கப்போவதில்லை. வழி சொல்ல வேண்டும்.

முதல் வழி, பள்ளியிலும் உயர்கல்விக் கூடத்திலும் உள்ள சீருடை இயக்கங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் பலாப்பஸ் எனப்படும் சேமப்படை அதிகாரி பயிற்சி இருக்கிறது. படிப்போடு சேர்த்து இராணுவப் பயிற்சி பெற்று, முடிவில் சேமப்படையில் அதிகாரியாகலாம். போலீஸ் துறையோடு இணைந்த சுக்சிஸ் படையும் உண்டு. பல்கலைக்கழகத்துக்குப் போகாதவர்களுக்கு வாத்தானியா எனப்படும் தொண்டர் படை இருக்கிறது. பயிற்சிக்கு அலவன்ஸும் தருகிறார்கள். 2004இல் தொடங்கி 2018இல் கைவிடப்பட்ட தேசிய சேவைப் பயிற்சி, 2025 ஜனவரியில் 45 நாள் பயிற்சியாக மீண்டும் தொடங்கப்பட்டது. இவற்றில் எதிலும் மாணவர் துப்பாக்கி வாங்க வேண்டியதில்லை. சுடுவதற்கு முன் துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, எப்படிக் குண்டு நீக்குவது, எப்போது விசையிலிருந்து விரலை விலக்கி வைப்பது என்ற ஒழுங்கைத்தான் முதலில் கற்றுத் தருவார்கள். காணொளி தராத பாடம் அது.

இரண்டாவது வழி, குறிசுடும் விளையாட்டு. சுக்மா போட்டிகளில் அதற்கு இடமுண்டு. ஒலிம்பிக்கில் உள்ள 10 மீட்டர் காற்று ரைஃபிள் பிரிவில், 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டை 10 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கில் செலுத்த வேண்டும். மலேசியாவின் நூர் சூரியானி தாயிபி இந்தப் பிரிவில் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டு உலகத்தின் கவனத்தை ஈர்த்தவரும் அவரே. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கிண்ணப் போட்டியில் இதே பிரிவில் தங்கம் வென்று, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். தமிழ்ப் பெண் ஒருவர் எட்டிய உயரம் அது.

இதிலும் சொந்தமாக வாங்கப் புறப்படுவது மாணவருக்குக் கட்டுப்படியாகாது. போட்டித் தரத்திலான காற்று ரைஃபிள் ஒன்றின் விலை 10,000 ரிங்கிட்டைத் தாண்டும். இறுக்கமான மேலங்கிக்கும் காலணிக்கும் தனிச் செலவு. ஆகவே உரிமம் பெற்ற சங்கத்தில் சேர்ந்து, சங்கத்தின் துப்பாக்கியில், சங்கத்தின் களத்தில், பயிற்றுநர் முன்னிலையில் பழகுவதே முறை. திறமை தெரிந்த பிறகு மாநில அணி, தேசிய அணி என்று வழி திறக்கும். மாணவர் பட்ஜெட்டுக்கு ஏற்ற "முதல் துப்பாக்கி" என்று ஒன்று இருக்குமானால், அது சொந்தமாக வாங்கப்படாத, சங்கத்துக்குரிய துப்பாக்கிதான்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

வீட்டுக்கு வரும் பார்சலில் என்ன இருக்கிறது என்று கேட்பது சந்தேகப்படுவதாகாது. "பொம்மைதான்மா" என்ற பதிலோடு விட்டுவிடாமல் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. பார்வைக்கு அசல் போலத் தோன்றினால் அது பொம்மையல்ல. சமூக ஊடகத்தில் பிள்ளை போடும் படங்களையும் கவனிக்க வேண்டும். படம் அழிந்தாலும் அதைச் சேமித்து வைத்தவர்கள் இருப்பார்கள்.

ஏற்கெனவே அப்படிப்பட்ட பொருள் வீட்டில் இருந்தால், மூன்று காரியங்களைத் தவிர்க்க வேண்டும். இணையத்தில் மறுபடி விற்கக் கூடாது. ஆற்றிலோ செம்பனைக் காட்டிலோ வீசக் கூடாது. பையில் போட்டுக்கொண்டு தனியாகப் போலீஸ் நிலையத்துக்குப் புறப்படவும் கூடாது. வழியில் பிடிபட்டால், ஒப்படைக்கத்தான் கொண்டு போகிறேன் என்ற பதிலை நிரூபிப்பது கடினம். கணபதியின் வழக்கு அந்தப் பாடத்தையும் சொல்கிறது. முதலில் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசி, அவர் வழியாகவோ அவருடைய ஆலோசனைப்படியோ போலீசுக்குத் தகவல் சொல்வதே பாதுகாப்பு. பிள்ளை கைதாகிவிட்டால், வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று ஒதுங்க வேண்டாம். கைது, தடுப்புக்காவல் கட்டத்திலேயே உதவ ஒய்பிஜிகே எனப்படும் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது.

தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், ஆலய இளைஞர் பிரிவுகளும் ஆண்டுக்கு ஒருமுறையாவது போலீஸ் அதிகாரி ஒருவரை அழைத்து இந்தச் சட்டத்தை விளக்கச் சொல்லலாம். அதே மேடையில் பலாப்பஸ், வாத்தானியா பயிற்சி முடித்த இளைஞர் ஒருவரையும் பேசவைத்தால், ஒரு கதவு ஏன் மூடியிருக்கிறது என்பதோடு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும்.

சேமித்த 200 ரிங்கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு இணைய அங்காடியில் விரலை நகர்த்தும் மாணவருக்கு அந்தத் தகவல் அன்றே கிடைக்க வேண்டும். சாலைத் தடுப்பில் பை திறக்கப்பட்ட பிறகு கிடைப்பதில் பயனில்லை.